சைக்காலஜி, நர்சிங், பி.எட், இலக்கியம், சட்டம்: உள்ளே போய்ப் படிக்கிற பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள்?

கேள்வி சுருக்கமாக இது: தங்கை பிளஸ் டூ வணிகவியல் பிரிவு, பி.காம் வேண்டவே வேண்டாம் என்கிறாள், சைக்காலஜி, நர்சிங், டீச்சர் படிப்பு, இலக்கியம், சட்டம் என்று வாரத்துக்கு ஒன்றாக மாற்றிச் சொல்கிறாள். கல்லூரிக்காரர்கள் சொல்வது இருக்கட்டும், அங்கே படிக்கிற மாணவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று யாராவது சொல்லுங்கள் என்று அண்ணன் கேட்டிருக்கிறார்.

நான் கலைக் கல்லூரியில் உளவியல் எடுப்பவன். பி.எட் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் அவ்வப்போது வகுப்பெடுக்கக் கூப்பிடுவார்கள், அதனால் இந்தப் பிள்ளைகள் எல்லோருடனும் பழக்கம் உண்டு. சைக்காலஜி பற்றி அதிகம் பேசுவேன், மன்னிக்கவும், அதுதான் எனக்கு நன்றாகத் தெரிந்த இடம்.

முதலில் ஒன்றைக் கழித்துவிடலாம். பி.எஸ்சி நர்சிங் சேர இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். வணிகவியல் பிரிவிலிருந்து அங்கே போக வழியில்லை. இருந்தாலும் நர்சிங் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற நான்கு துறைகளையும் புரிந்துகொள்ள அது உதவும். படிப்பு முடிந்ததும் என்ன வேலை, எங்கே பதிவு செய்ய வேண்டும் என்று முதல் வருடத்திலேயே தெளிவாகச் சொல்லக்கூடியவர்கள் இந்த ஐந்து கூட்டத்திலும் அவர்கள் மட்டும்தான். நான்கு வருடம் படிக்கிறார்கள், மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்கிறார்கள், வார்டுக்குப் போகிறார்கள். அவர்கள் புலம்புவதெல்லாம் கால் வலி, நைட் டியூட்டி, விடுதிச் சாப்பாடு, முதல் சம்பளம் ரொம்பக் குறைவு என்பது பற்றித்தான். மற்ற நான்கிலும் கதை தலைகீழ். படிக்கும்போது பெரிய கஷ்டம் தெரியாது, கடைசி வருடம் வந்ததும்தான் "சார், இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?" என்று வந்து நிற்பார்கள்.

காரணம் எளிது. பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம், தொழில் செய்ய அனுமதி கொடுப்பது வேறு ஒருவர். சைக்காலஜியில் அது இந்திய மறுவாழ்வு கவுன்சில், சட்டத்தில் பார் கவுன்சில், ஆசிரியர் வேலையில் தகுதித் தேர்வு. இலக்கியத்தில் அப்படி ஒரு கதவே கிடையாது, அதுவும் ஒரு பிரச்சினைதான். சேரும்போது யாரும் இதைச் சொல்வதில்லை, பெற்றோரும் கேட்பதில்லை. பட்டத்துக்கும் அனுமதிக்கும் நடுவில் இருக்கிற அந்த இடைவெளியில்தான் நல்ல பிள்ளைகள் நிறையப் பேர் இரண்டு மூன்று வருடத்தைத் தொலைக்கிறார்கள்.

இப்போது சைக்காலஜி. சேர வருகிறவர்களில் இரண்டு வகை. குற்றப் புலனாய்வு சீரியல் பார்த்துவிட்டு, முகத்தைப் பார்த்தே பொய்யைக் கண்டுபிடிக்கலாம் என்று வருகிறவர்கள் ஒரு வகை. தனக்கோ, வீட்டில் அம்மாவுக்கோ அண்ணனுக்கோ ஏதோ ஒரு மனக்கஷ்டம் இருந்து, அது என்னவென்று தெரிந்துகொள்ள வருகிறவர்கள் இன்னொரு வகை. இரண்டாவது வகை காரணத்தை வெளியே சொல்லாது, ஆனால் வகுப்பில் யார் எந்தப் பாடத்துக்கு நிமிர்ந்து உட்காருகிறார்கள் என்று பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டு வகைக்கும் முதல் பருவத்தில் அதிர்ச்சிதான். நியூரான், மூளையின் பகுதிகள், புலனுணர்வு, அப்புறம் புள்ளியியல். "மனசைப் பற்றிப் படிக்க வந்தால் திட்ட விலக்கம் கண்டுபிடிக்கச் சொல்கிறார்களே" என்பது வருடா வருடம் கேட்கிற வசனம். இந்த ஒரு இடத்தில் உங்கள் தங்கைக்கு லாபம். வணிகவியலில் இருந்து வருகிறவர்கள் எண்ணைப் பார்த்துப் பயப்படுவதில்லை, சராசரியும் ஒட்டுறவுக் கெழுவும் அவர்களுக்குக் கணக்குப் பதிவியலை விடச் சுலபம்.

ஆய்வுக்கூடம் எப்படி இருக்கும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அதனால் ஒரு சோதனையை மட்டும் சொல்கிறேன். மேசையில் ஒரு நட்சத்திரப் படம் இருக்கும், இரட்டைக் கோட்டில் அச்சடித்தது. நேராகப் பார்க்க முடியாதபடி நடுவில் ஒரு தடுப்பு, எதிரே ஒரு கண்ணாடி. கண்ணாடியில் தெரிகிற பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு பென்சிலால் இரண்டு கோட்டுக்கும் நடுவே நட்சத்திரத்தைச் சுற்றி வர வேண்டும். கேட்க விளையாட்டு மாதிரி இருக்கும், ஆனால் முதல் முனையில் திரும்பும்போதே கை எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும், நகர்த்த நகர்த்தப் பென்சில் அதே இடத்தில் நடுங்கும், நன்றாகப் படிக்கிற பெண் கூட "என் கை நான் சொன்னதைக் கேட்கவில்லை" என்று சிரித்துவிடுவாள். பக்கத்தில் ஒருத்தி ஸ்டாப்வாட்ச் பிடித்து, பென்சில் கோட்டைத் தொட்ட தவறுகளை எண்ணுவாள். சில முறை ஒரு கையால் பழகிவிட்டு மற்ற கையால் போட்டால், அந்தக் கைக்குப் பயிற்சியே கொடுக்காமல் தவறு குறைந்திருக்கும். ஒரு கை கற்றது இன்னொரு கைக்குப் போகிறது. இதையெல்லாம் ரெக்கார்டு நோட்டில் அட்டவணை போட்டு, வரைபடம் வரைந்து, முடிவு எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். இந்த வேலை பிடித்தால் சைக்காலஜி பிடிக்கும். பேசிக்கொண்டே இருக்கலாம் என்று வந்தவர்கள் இங்கேதான் சோர்ந்து போகிறார்கள்.

உறவுக்காரர்கள் தொல்லை தனி. கல்யாண வீட்டில் "சைக்காலஜி படிக்கிறாயாமே, நான் இப்போ என்ன நினைக்கிறேன் சொல்லு பார்ப்போம்" என்று கேட்காத சித்தப்பா இல்லை. அப்புறம் மனநோய்களைப் பற்றிச் சொல்லும் பிறழ்நிலை உளவியல் வருகிற பருவத்தில் வகுப்பே நோயாளிக் கூட்டமாகிவிடும். பதற்றக் கோளாறு நடத்தினால் தனக்கு அது, மனச்சோர்வு நடத்தினால் அதுவும். மருத்துவ மாணவர்களுக்கும் இது வரும், பழைய சங்கதிதான். ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கு உண்மையாகவே உதவி தேவைப்படும், அதை மற்றவர்களின் சிரிப்பு மறைத்துவிடும். அதனால் அந்தப் பாடம் தொடங்கும் நாளிலேயே 14416 என்ற எண்ணைப் பலகையில் எழுதிவிடுவது என் வழக்கம். 2022 அக்டோபரில் அரசு தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் அது, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

சென்னைப் பக்கத்துப் பிள்ளைகள் பலரை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கு அழைத்துப் போவார்கள், 1794இல் தொடங்கிய இடம். போவதற்கு முன் பயம், போய் வந்த பின் அவர்கள் பேசுவது நோயைப் பற்றியே இல்லை. "குணமாயிட்டாங்க சார், ஆனா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக ஆள் வரலையாம்" என்பார்கள். அந்த ஒரு வரியில் உளவியல் பாடம் முடிந்து சட்டப் பாடம் தொடங்குகிறது, பிள்ளைகள் அதைக் கவனிப்பதில்லை.

சரி, இப்போது அந்தக் கதவு. பி.எஸ்சி சைக்காலஜி முடித்தால் சைக்காலஜிஸ்ட் ஆகிவிடலாம் என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள். எம்.எஸ்சி முடித்தால் நிச்சயம் என்று மீதிப் பேர். இரண்டும் இல்லை. மருத்துவ உளவியலர் என்று பெயர் போட்டுக்கொண்டு சிகிச்சை தர, மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பை, மருத்துவமனையில் மேற்பார்வைப் பயிற்சியோடு முடித்து, அவர்களின் பதிவேட்டில் எண் வாங்க வேண்டும். பதிவில்லாமல் தொழில் செய்தால் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஓராண்டு வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாய் என்பதைப் பார்த்ததும் சட்ட மாணவர்கள் சிரிப்பார்கள், அதனால்தான் ஊரில் இத்தனை போலி கவுன்சிலர்கள் என்பது என் அபிப்பிராயம். நீண்ட காலமாக அந்தப் படிப்பு இரண்டு வருட எம்.ஃபில். இடங்கள் மிகக் குறைவு, நூற்றுக்கணக்கில் எழுதி ஒரு சிலர் உள்ளே போவார்கள். புதிய கல்விக் கொள்கையில் எம்.ஃபில் என்பதே போய்விட்டது, மருத்துவ உளவியலுக்கு மட்டும் 2025-26 சேர்க்கை வரை அவகாசம் கொடுத்தார்கள். உங்கள் தங்கை இளங்கலை முடிக்கும்போது அந்த வழி இருக்காது, கவுன்சில் புதிதாக அங்கீகரித்திருக்கும் மருத்துவ உளவியல் முதுகலை மாதிரியான படிப்புகள்தான் இருக்கும். இன்று இறுதி ஆண்டில் இருப்பவர்கள் அதிகம் குழம்புவது இதில்தான், சீனியர்கள் சொன்ன வழி அவர்களுக்குப் பொருந்தவில்லை.

சிகிச்சை தவிர வேறு வேலை இல்லையா என்றால், இருக்கிறது. நிறுவனங்களின் மனிதவளப் பிரிவு, பள்ளி ஆலோசகர், தொண்டு நிறுவனம், ஆய்வு. பள்ளி, கல்லூரிப் பக்கம் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. நீட் பயிற்சிக்காக விசாகப்பட்டினத்தில் தங்கியிருந்த 17 வயது மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில், 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் சில வழிகாட்டுதல்களைக் கொடுத்தது. 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் இருக்கிற கல்வி நிறுவனத்தில் குறைந்தது ஒரு தகுதியுள்ள ஆலோசகராவது இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. காகிதத்தில் இருப்பது வேலையாக மாற நாளாகும். இப்போதைக்குப் பல இடங்களில் யாராவது ஒரு ஆசிரியர் பெயருக்கு நேராக 'கவுன்சிலர்' என்று எழுதிப் பலகை மாட்டிவிடுகிறார்கள்.

சட்டத்துக்கு வருவோம், ஏனென்றால் நான் பார்த்தவரை சைக்காலஜியும் சட்டமும்தான் இந்த ஐந்தில் அதிகம் உரசிக்கொள்கிறவை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டிப் போடப்பட்டிருந்தவர்கள் தப்பிக்க முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அதன் பிறகு உச்ச நீதிமன்றம் தலையிட்டது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு, எந்த வடிவிலும் யாரையும் சங்கிலியில் கட்டக் கூடாது என்று சொல்கிறது. அதே சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், வழக்குப் போட்டுத் தண்டிக்கக் கூடாது என்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு அப்போதும் புத்தகத்தில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அது இல்லை. அரசு ஊழியரைத் தன் கடமையைச் செய்யவிடாமல் கட்டாயப்படுத்த, தற்கொலைக்கு முயல்வது மட்டும் 226ஆம் பிரிவில் குற்றமாக இருக்கிறது. இதைச் சட்டக் கல்லூரியில் நடத்தினால் பிள்ளைகள் பிரிவு எண்ணைக் குறித்துக்கொள்கிறார்கள், எங்கள் வகுப்பில் நடத்தினால் "அப்போ இத்தனை வருஷம் கேஸ் போட்டாங்களா சார்?" என்று கேட்கிறார்கள். இரண்டு கூட்டத்தையும் ஒரே அறையில் உட்கார வைக்க வேண்டும் என்பது எனக்கு ரொம்ப நாள் ஆசை.

சட்டம் படிக்கிறவர்களின் இப்போதைய பெரிய தலைவலி எண்கள். சீனியர் அலுவலகத்தில் இன்னும் கொலைக்கு 302, மோசடிக்கு 420 என்றுதான் பேசுகிறார்கள், தேர்வில் புதிய சட்டப்படி 103, 318 என்று எழுத வேண்டும், பழைய வழக்குகள் பழைய சட்டத்திலேயே நடக்கும் என்பதால் இரண்டையும் மனதில் வைத்திருக்க வேண்டும். சேர்க்கையைப் பொறுத்தவரை உங்கள் தங்கைக்கு எந்தத் தடையும் இல்லை, எந்தப் பிரிவு படித்தவரும் ஐந்தாண்டுப் படிப்பில் சேரலாம். அரசு சட்டக் கல்லூரிகளுக்கு அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் வழியாகப் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே இடம். திருச்சியில் இருக்கும் தேசிய சட்டப் பல்கலைக்கழகம் என்றால் கிளாட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், கட்டணமும் வேறு உலகம்.

கதவு இங்கே வேறு மாதிரி. பார் கவுன்சிலில் பதிவு செய்து, அகில இந்திய பார் தேர்வு எழுத வேண்டும். பதிவுக் கட்டணம் என்ற பெயரில் மாநிலத்துக்கு ஒரு தொகை வாங்கிக்கொண்டிருந்தார்கள், 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பொதுப் பிரிவுக்கு 750, பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய்க்கு மேல் கூடாது என்று சொல்லிவிட்டது. இதெல்லாம் தாண்டக்கூடிய கதவுகள். தாண்ட முடியாமல் பலர் திரும்பிப் போவது அதற்கு அப்புறம் வரும் வருடங்களில். முதல் தலைமுறை வக்கீல் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், சீனியரிடம் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு வாய்தா வாங்கி அலைகிற காலத்தில் கைக்கு வருவது பஸ் செலவுக்குச் சரியாக இருக்கும் என்பார்கள். ஜூனியர்களுக்கு சென்னை, மதுரை, கோவை போன்ற நகரங்களில் மாதம் 20,000, மற்ற இடங்களில் 15,000 ரூபாயாவது தர வேண்டும் என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. எத்தனை அலுவலகத்தில் தருகிறார்கள் என்று அந்தப் பிள்ளைகளிடமே கேளுங்கள், முகமே பதில் சொல்லும். நேராக நீதிபதித் தேர்வு எழுதிவிடலாம் என்ற கணக்கும் இப்போது செல்லாது. உச்ச நீதிமன்றத்தின் 2025 மே மாதத் தீர்ப்புப்படி சிவில் நீதிபதி பதவிக்கு மூன்று வருடம் வக்கீலாக இருந்திருக்க வேண்டும். வீட்டில் மூன்று வருடம் தாங்க முடியுமா என்பதை இப்போதே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

ஒன்று செய்யலாம். தங்கையை ஒரு நாள் உங்கள் ஊர்க் கோர்ட்டுக்கு அழைத்துப் போங்கள், பெரும்பாலான விசாரணைகள் திறந்த நீதிமன்றத்தில்தான் நடக்கும், யார் வேண்டுமானாலும் பின் பெஞ்சில் உட்காரலாம். காலையில் பெயர் கூப்பிடுவதையும், ஒவ்வொரு கேஸும் அரை நிமிடத்தில் தள்ளிப் போவதையும், வராண்டாவில் தன் வக்கீலைத் தேடி ஓடுகிற கிழவியையும் பார்த்துவிட்டு, இதற்குள் எனக்கு வேலை இருக்கிறது என்று தோன்றினால் சட்டம் அவளுக்கு ஒத்துவரும். சினிமா வாதம் பார்த்துச் சேர்ந்தவர்கள் உரிமையியல் நடைமுறைச் சட்டம் வந்ததும் படுத்துவிடுகிறார்கள்.

இலக்கியம் எடுத்தவர்களிடம் ஒரு வினோதம். சேரும்போது பாதிப் பேர் வேறு இடம் கிடைக்காமல் வந்தவர்கள், முடிக்கும்போது இந்த ஐந்து கூட்டத்திலும் படிப்பை நேசித்துப் பேசுகிறவர்கள் அவர்கள்தான். பி.ஏ தமிழ் என்றால் கதை, கவிதை என்று நினைத்து வருவார்கள், நன்னூலும் யாப்பருங்கலக்காரிகையும் தண்டியலங்காரமும் என்று இலக்கண நூல்கள் வரிசையாக வரும். முதல் வருடம் திட்டுவார்கள், மூன்றாம் வருடம் தேநீர்க்கடையில் வெண்பாவுக்குத் தளை பார்ப்பார்கள். தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளைப் பற்றிப் பேசும் மெய்ப்பாட்டியலை எங்கள் உளவியல் வகுப்பில் ஒரு மணி நேரம் நடத்துவேன். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. அமெரிக்க உளவியலாளர் பால் எக்மன் அடிப்படை உணர்ச்சிகள் என்று சொன்ன ஆறையும் பக்கத்தில் எழுதிப் போட்டு, எது எதோடு பொருந்துகிறது என்று பிள்ளைகளையே கோடு போடச் சொல்வேன். ஆறுக்கும் ஓரளவு இணை கிடைத்துவிடும், நகையும் பெருமிதமும் மிஞ்சும். உடனே நாம் அப்போதே கண்டுபிடித்துவிட்டோம் என்று ஒரு கோஷ்டி கிளம்பும். அவசரப்படாதீர்கள் என்பேன், தொல்காப்பியர் இளிவரலுக்குச் சொல்லும் காரணங்கள் மூப்பு, பிணி, வருத்தம், மென்மை, எக்மன் சொல்லும் அருவருப்போ கெட்டுப்போன சாப்பாட்டைப் பார்த்த முகம். ஒருவர் மேடைக்கும் செய்யுளுக்கும் பேசுகிறார், இன்னொருவர் முகத் தசைகளை அளக்கிறார். இந்த வித்தியாசத்தைத் தமிழ்த்துறைப் பிள்ளைகள்தான் முதலில் பிடிக்கிறார்கள், வரிகளை நிதானமாகப் படித்துப் பழகியவர்கள் என்பதால்.

வேலை என்று பார்த்தால் இலக்கியத்துக்குப் பெரும்பாலும் ஆசிரியர் பணி, கல்லூரி என்றால் நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வு, இல்லாவிட்டால் போட்டித் தேர்வு. பள்ளி முதல் பட்டம் வரை தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை உண்டு, அதற்கான சட்டம் 2010இலிருந்து இருக்கிறது. உங்கள் தங்கை தமிழ் வழி என்றால் ஆங்கில வழிக் கல்லூரியில் சேர்ப்பதற்கு முன் இதை ஒரு தரம் யோசியுங்கள், பலர் கவனிக்காமல் இழக்கிற சலுகை இது.

பி.எட் தனி இளங்கலை இல்லை, பட்டம் முடித்த பிறகு இரண்டு வருடம். அங்கே படிக்கிறவர்கள் உற்சாகமாக இருக்கும் ஒரே காலம் பள்ளிக்குப் பயிற்சிக்குப் போகிற வாரங்கள். சார்ட் ஒட்டி, பாடத் திட்டம் எழுதி, எட்டாம் வகுப்புப் பையன்கள் கேட்ட கேள்விக்கு முழித்துவிட்டு வந்து சொல்லிச் சிரிப்பார்கள். அதன் பிறகு தகுதித் தேர்வு என்ற நிழல். 150 மதிப்பெண்ணில் 30 குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும், அதாவது முழுக்க உளவியல். 2025 செப்டம்பர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கும் பணியில் உள்ள ஆசிரியர்களும் இரண்டு வருடத்துக்குள் இந்தத் தேர்வில் தேற வேண்டும் என்று சொன்னதிலிருந்து, பி.எட் பிள்ளைகளின் பயிற்சி வகுப்பில் அவர்களுடைய பழைய டீச்சரே பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து குழந்தை வளர்ச்சி பற்றி எழுதிய பியாஜேயைப் படிக்கிற காட்சியெல்லாம் நடக்கிறது. ஒரு எச்சரிக்கை: சைக்காலஜி இளங்கலையை வைத்து நேராக பி.எட் போகலாம் என்று எண்ண வேண்டாம், தமிழ்நாட்டில் அதற்கு முதுகலை கேட்பார்கள். பள்ளி ஆசிரியர்தான் இலக்கு என்றால் தமிழோ ஆங்கிலமோ எடுப்பது நேர் வழி.

என்னைக் கேட்டால், வணிகவியல் படித்த, எதிலும் ஒரு வாரத்துக்கு மேல் நிற்காத பெண்ணுக்கு ஐந்தாண்டுச் சட்டம் மோசமான தேர்வு இல்லை, அதில் இலக்கியம், சமூகவியல், பொருளாதாரம் எல்லாம் முதல் வருடங்களில் வந்துபோகும், கம்பெனிச் சட்டமும் வரிச் சட்டமும் வரும்போது அவள் படித்ததும் வீணாகாது. சைக்காலஜிதான் என்று நின்றாள் என்றால் சேர்க்கை நாளில் கல்லூரியிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: ஆய்வுக்கூடத்தைக் காட்ட முடியுமா, போன வருடம் முடித்தவர்களில் யாராவது மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பில் சேர்ந்திருக்கிறார்களா, கடைசி வருடம் எந்த மருத்துவமனைக்கு அல்லது பள்ளிக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறீர்கள். மூன்றுக்கும் மழுப்பினால் அடுத்த கல்லூரி பாருங்கள். தொலைதூரக் கல்வியில் சைக்காலஜி போட்டுக்கொண்டே வேலைக்குப் போகலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்க வேண்டாம், 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து அதைத் தொலைதூரத்திலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு நிறுத்திவிட்டது.